வீடு மாறியாச்சு, மின்சார பில் யார் பெயரில்?

குடிபெயரும் நாளில் செய்யாமல் விடும் ஒரு சிறு வேலை, பிறகு பள்ளிப் பதிவு முதல் அரசாங்க உதவி வரை எல்லாவற்றிலும் வந்து நிற்கிறது

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கோ, ஒரு வாடகை வீட்டை விட்டு இன்னொன்றுக்கோ குடிபோகும்போது நம்மவர்கள் நல்ல நாள் பார்க்கிறார்கள், பால் காய்ச்சுகிறார்கள், லோரிக்குச் சொல்லி வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இருக்கிறதா என்றும் விசாரிக்கிறார்கள். மின்சாரக் கணக்கைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. மாதா மாதம் பில் வருகிறது. கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பதே பொதுவான எண்ணம்.

அந்த பில்லில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதை முதல் நாளே பார்ப்பவர்கள் குறைவு. முந்தைய குடித்தனக்காரர் பெயர், வீட்டுக்காரர் பெயர், இறந்துபோன அப்பாவின் பெயர் என்று ஆண்டுக் கணக்கில் வேறொருவர் பெயரிலேயே பணம் கட்டி வரும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிரச்சினை ஒன்று எழும்வரை இதன் விளைவு தெரிவதில்லை. எழுந்த பிறகு அதைச் சரிசெய்ய நாள்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது.

தீபகற்ப மலேசியாவில் ஓரிரு இடங்கள் நீங்கலாக, வீடுகளுக்கு மின்சாரம் விற்பது தெனாகா நேஷனல் பெர்ஹாட் எனும் டிஎன்பி. சபாவிலும் சரவாக்கிலும் அந்தந்த மாநில மின் நிறுவனங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில்போல எந்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் வேலை இங்கே இல்லை. ஆகவே வீடு மாறுபவர் யோசிக்க வேண்டியது விலையை ஒப்பிடுவதைப் பற்றி அல்ல. கணக்கை யார் பெயரில் வைப்பது, எந்தத் தேதியில் மாற்றுவது, மீட்டரில் எத்தனை யூனிட்டில் பொறுப்பைக் கை மாற்றுவது என்பதைப் பற்றித்தான்.

தோட்டத்தில் இல்லாத பழக்கம்

இந்த விஷயத்தில் நம் சமூகம் பின்தங்குவதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. தோட்டத்து வீடு நிர்வாகத்தினுடையது. விளக்கும் குழாய்த் தண்ணீரும் நிர்வாகத்தின் வழியாகவே வந்தன. ஒரு காலத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம் மட்டும் லயத்தில் விளக்கு எரிந்தது. பின்னர் தேசிய மின்வாரியமாக இருந்த எல்எல்என் கம்பிகள் தோட்டங்களை எட்டின. அந்த வாரியம்தான் 1990-இல் டிஎன்பியாக மாறியது. கம்பி வந்தபோதும் பல தோட்டங்களில் கணக்கு நிர்வாகத்தின் பெயரிலேயே இருந்தது. தொழிலாளிக்கு மின்சாரம் என்பது சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டும் ஒரு வரி, அல்லது அதுவும் இல்லை.

தொழிலாளர்களுக்கு வீடு தரும் முதலாளி, அந்த வீட்டுக்குப் போதிய தண்ணீரும் மின்சாரமும் இருக்கச் செய்ய வேண்டும் என்பதை 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் தரநிலைச் சட்டம் (சட்டம் 446) கடமையாக்கியது. தொழிலாளிக்கு அது பாதுகாப்புதான். ஆனால் மின் நிறுவனத்துடன் தானே ஒப்பந்தம் போட்டு, வைப்புத் தொகை கட்டி, பெயரைப் பதிந்துகொள்ளும் அனுபவம் அதனால் வாய்க்கவில்லை. தோட்டம் விற்கப்பட்டோ துண்டாடப்பட்டோ மக்கள் வெளியேறியபோது, மின்சாரம் வீட்டோடு சேர்ந்தே வருவது என்ற எண்ணத்துடன்தான் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

பெயர் இல்லாததன் கசப்பைத் தோட்டத்திலேயே அனுபவித்தவர்களும் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மாற்று வீடு கிடைக்காமல் தோட்ட வீட்டிலேயே இருக்கும் குடும்பங்களுக்கு, கணக்கு வைத்திருப்பவர் கையில்தான் மின்சாரமும் தண்ணீரும் இருந்தன. குடியிருப்பவரிடமிருந்து வீட்டைத் திரும்பப் பெற நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறது 1950-ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. இருந்தும் தண்ணீரும் விளக்கும் நின்றுபோனால் நீதிமன்றத் தேதிவரை காத்திருக்க யாரால் முடியும்? கணக்கு தன் பெயரில் இருந்தால் நிலைமை வேறு. அப்போது இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் மின் நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும். அந்த நிறுவனமும் சட்டத்துக்கும் விதிமுறைக்கும் உட்பட்டது.

இன்றும் இது பழங்கதை ஆகிவிடவில்லை. சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுத்து வந்ததைச் சமூகம் அறியும். இத்தகைய குடும்பங்கள் புது வீட்டின் சாவியை வாங்கும் நாள், பலருக்கு வாழ்நாளிலேயே முதன்முறையாகத் தம் பெயரில் மின்கணக்கு திறக்கும் நாளாகவும் இருக்கும்.

பில் என்பது முகவரிக்குச் சாட்சி

பில்லில் உள்ள பெயர் வெறும் சம்பிரதாயம் அல்ல. பிள்ளையை முதலாம் ஆண்டில் பதிவு செய்யும்போது கேட்கப்படும் ஆவணங்களில் மின்சார அல்லது தண்ணீர் பில்லும் ஒன்று. வங்கிக் கணக்கு, கடன், மாநில அரசின் உதவித் திட்டங்கள் ஆகியவற்றுக்கும் பல சமயங்களில் முகவரிச் சான்றாக அதைத்தான் கேட்கிறார்கள். பெற்றோர் பெயரில் பில் இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் கடிதம் என்று வேறு வழி தேட வேண்டும். வாய்ப்பேச்சில் வாடகைக்கு இருப்பவரிடம் அந்தக் காகிதங்களும் இருப்பதில்லை.

உதவித் தொகையும் கணக்கோடு பிணைந்திருக்கிறது. இ-காசே தரவில் பரம ஏழைகளாகப் பதிவான குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை மின்கட்டணக் கழிவு உண்டு. அது ஒரு குறிப்பிட்ட மின்கணக்கில்தான் வரவு வைக்கப்படும். வீடு மாறியவர் புதுக் கணக்கைத் தெரிவிக்காவிட்டால், உதவி பழைய வீட்டோடு நின்றுவிடும். சிலாங்கூரில் தகுதி பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசம். அதற்கும் கணக்கு எண் தேவை. பல வீடுகளுக்கு ஒரே பொது மீட்டர் உள்ள பழைய அடுக்குமாடிகளில் வசிப்போர் இதில் படும் சிரமம் தனி.

பிபிஆர் அடுக்குமாடிகளில் இன்னொரு சிக்கல். வீடு ஒருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். குடியிருப்பவர் வேறொருவராக இருப்பார். இப்படிக் கைமாற்றி வாடகைக்கு விடுவது ஒதுக்கீட்டு நிபந்தனைகளுக்கு எதிரானது. இரண்டாம் கை வாடகைக்காரரால் தம் பெயரில் கணக்கு எடுக்க முடியாது. ஆதாரம் காட்ட ஒப்பந்தமும் இருக்காது. சோதனை வந்து வெளியேறும் நிலை ஏற்பட்டால், பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததற்கும் ஒழுங்காகக் கட்டணம் கட்டியதற்கும் அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது. குறைந்த வாடகை என்று இத்தகைய வீட்டுக்குப் போகுமுன் குடும்பங்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விட்டுப்போன பெயர், விடாத பொறுப்பு

அடுத்தது எதிர்த்திசையில் வரும் ஆபத்து. வீட்டைக் காலி செய்தவர் தம் பெயரில் இருந்த கணக்கை மூடாமலேயே போய்விடுகிறார். மின்கணக்கு என்பது டிஎன்பிக்கும் பதிவு பெற்ற பயனீட்டாளருக்கும் இடையிலான ஒப்பந்தம். சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பது டிஎன்பிக்குத் தெரியாது. அடுத்து வந்தவர் குளிர்சாதனத்தை இரவும் பகலும் ஓட்டிவிட்டுக் கட்டணம் கட்டாமல் போனால், பாக்கி பழைய பெயரில்தான் ஏறும். முதலில் கட்டிய வைப்புத் தொகையும் அதில் கரைந்துவிடும்.

பாக்கியைவிடப் பெரிய தலைவலி மீட்டர் மோசடி. 1990-ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி மீட்டரில் கைவைப்பதும் மின்சாரத்தைத் திருடுவதும் குற்றம். அத்தகைய மோசடி கண்டுபிடிக்கப்பட்டால், மின்சாரத்தைத் துண்டிக்கவும், பதிவாகாமல் போன மின்சாரத்தின் மதிப்பைக் கோரவும் 38-ஆவது பிரிவு வழி தருகிறது. அந்தக் கோரிக்கைக் கடிதம் முதலில் தேடிப் போவது பதிவில் உள்ள பெயரைத்தான். மீட்டரில் கைவைத்தது யார் என்பது அதற்குப் பிறகு எழும் கேள்வி.

இது எங்கோ அரிதாக நடப்பது அல்ல. சட்டவிரோத பிட்காயின் சுரங்கத் தொழிலுக்காக மின்சாரம் திருடப்பட்டதில், 2020 முதல் 2025 ஆகஸ்டு வரை டிஎன்பிக்குச் சுமார் 4.6 பில்லியன் ரிங்கிட் இழப்பு என்று எரிசக்தி மாற்றம், நீர் உருமாற்ற அமைச்சு தெரிவித்தது. சம்பந்தப்பட்ட இடங்கள் 13,800-க்கும் மேல். இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது வாடகைக்கு எடுத்த கடைவீடுகளும் குடியிருப்புகளும்தான். பட்டணத்தில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டு அதில் ஓய்வுக்காலத்தை ஓட்டும் நம்மவர்களுக்கு இது நேரடிச் செய்தி. வாடகைக்காரர் மாறினால் கணக்கையும் மாற்றாதவர்கள், தாங்கள் அனுபவிக்காத மின்சாரத்துக்குப் பதில் சொல்லும் நிலைக்கு ஆளாகலாம்.

கணக்கு மாற்ற என்ன வேண்டும்?

நடைமுறை அவ்வளவு கடினமானது அல்ல. மைடிஎன்பி இணையத்தளம் வழியாகவோ கெடாய் தெனாகா கிளைக்கு நேரில் சென்றோ விண்ணப்பிக்கலாம். கேட்கப்படுபவை இவை: அடையாள அட்டை, வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் காட்டும் ஆவணம், அதாவது வாங்கியவர் என்றால் விற்பனை ஒப்பந்தம் அல்லது மதிப்பீட்டு வரி ரசீது, வாடகைக்காரர் என்றால் வாடகை ஒப்பந்தம், வைப்புத் தொகை, ஒப்பந்தத்துக்கான 10 ரிங்கிட் முத்திரைக் கட்டணம். வைப்புத் தொகை என்பது ஏறக்குறைய இரண்டு மாத மின்கட்டண மதிப்பீடு.

பலர் தயங்குவது இந்த வைப்புத் தொகையைக் கண்டுதான். வாடகை முன்பணம், லோரிக் கூலி, பிள்ளைகளின் செலவு எல்லாம் ஒரே மாதத்தில் வந்து சேரும்போது, “பழைய பெயரிலேயே இருக்கட்டும், பில்லைக் கட்டினால் போதும்” என்ற யோசனை எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் வைப்புத் தொகை செலவான பணம் அல்ல. வீட்டை விடும்போது கணக்கை முறைப்படி மூடினால், பாக்கி போக மிச்சம் திரும்ப வரும். பழைய வீட்டுக் கணக்கை மூடி அந்தப் பணத்தை வாங்காமலேயே விட்டுவிட்டு, புது வீட்டில் மறுபடி பணம் இல்லை என்று தடுமாறுவதுதான் உண்மையான நட்டம். மூடும் விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் புது முகவரியையும் தவறாமல் எழுத வேண்டும்.

குடும்பத் தலைவர் இறந்த வீடுகளில் இதே வேலை பல ஆண்டுகள் தள்ளிப்போகிறது. 20, 30 ஆண்டுகளுக்கு முன் அப்பா வாங்கிய மலிவு விலை வீட்டில் கணக்கு இன்னும் அவர் பெயரிலேயே ஓடும். வீட்டை விற்கும்போதோ, பிள்ளைகளிடையே பாகம் பிரிக்கும்போதோதான் அது கண்ணில் படும். இறப்புச் சான்றிதழும் வாரிசு ஆவணமும் கையில் இருக்கும்போதே பெயரை மாற்றிவிடுவது பிற்காலத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் வரும் மனக்கசப்பையும் குறைக்கும்.

மீட்டர் எண்ணும் மதிப்பீட்டு பில்லும்

பெயருக்கு அடுத்தது மீட்டரில் உள்ள எண். டிஎன்பி பில்லில் எண் பதிவு எவ்வகை என்று குறிப்பிடப்பட்டிருக்கும். ‘பாச்சாஆன் செபெனார்’ என்றால் மீட்டரைப் பார்த்து எடுத்த உண்மையான எண். ‘பாச்சாஆன் அங்காரான்’ என்றால் மதிப்பீடு. வாசல் பூட்டியிருந்தாலோ மீட்டரை எட்ட முடியாவிட்டாலோ மதிப்பீட்டு பில் வரும்; அடுத்து உண்மையான எண் எடுக்கும்போது வித்தியாசம் சரிக்கட்டப்படும்.

கடைசி பில்லில் மதிப்பீட்டு எண் 21,400 என்றும், சாவி கைமாறிய நாளில் மீட்டர் காட்டியது 21,950 என்றும் வைத்துக்கொள்வோம். இடையில் உள்ள 550 யூனிட் முந்தைய குடித்தனக்காரர் பயன்படுத்தியது. இப்போதைய அடிப்படை விலையில், சலுகைக் கழிவுக்கு முன், அது 244 ரிங்கிட் ஆகிறது. கணக்கையும் மாற்றாமல், அந்த நாளின் எண்ணையும் குறித்து வைக்காமல் குடியேறியவர், அடுத்த பில்லில் இதைத் தம் தலையில் சுமப்பார். இது தம்முடையது அல்ல என்று நிரூபிக்க அவரிடம் ஒன்றும் இருக்காது. கைத்தொலைபேசியில் எடுத்த ஒரே ஒரு படம் இருந்தால், வீட்டுக்காரரிடம் பேசவும் டிஎன்பியிடம் விளக்கவும் ஆதாரம் கிடைத்துவிடும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளில் எண் தொலைவிலிருந்தே பதிவாகிறது என்றாலும், படம் எடுத்து வைப்பதில் நட்டம் இல்லை.

2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய கட்டண முறையும் இதன் முக்கியத்துவத்தைக் கூட்டியிருக்கிறது. மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு எரிசக்தி, கொள்ளளவு, கம்பிக் கட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 சென். இதிலிருந்து சிக்கனக் கழிவு கிடைக்கிறது: 200 யூனிட்வரை யூனிட்டுக்கு 25 சென்; பயன்பாடு கூடக் கூடக் கழிவு குறைந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமல் போகிறது. 600 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் இல்லை. எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் மாறும் சரிக்கட்டுத் தொகையும் இல்லை.

ஆகவே யூனிட் எந்த மாதத்தில், யாருடைய கணக்கில் சேர்கிறது என்பது இப்போது முன்பைவிட முக்கியம். 200 யூனிட் மட்டும் பயன்படுத்தும் சிறு குடும்பத்தின் பில் சுமார் 39 ரிங்கிட். அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே மீட்டரின் கீழ் சேர்ந்து 650 யூனிட் ஆனால், கழிவும் சுருங்கும், கூடுதல் கட்டணங்களும் சேரும். வீடு மாறும்போது யாரோடு மீட்டரைப் பகிர்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது.

வாடகைக்கு இருப்போர் கவனத்துக்கு

வாடகை வீடுகளில் கணக்கைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ள விரும்பும் வீட்டுக்காரர்கள் உண்டு. வாடகைக்காரர் போகும்போது மறுபடி மாற்றும் வேலை மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. அதில் தவறில்லை, ஆனால் வாடகைக்காரர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்துக்கும் சேர்த்து மாதம் இவ்வளவு என்று ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் இருப்பதுதான் ஆபத்து. வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால் இருட்டில் இருப்பது வாடகைக்காரர் குடும்பம்.

கணக்கு எண் தெரிந்தால், பெயர் வேறொருவருடையதாக இருந்தாலும் அதை மைடிஎன்பி செயலியில் சேர்த்து, பில்லை நேரடியாகக் கட்டலாம். ஆகவே குடியேறும் முன்பே வீட்டுக்காரரிடம் கடைசி பில்லின் நகலைக் கேட்டு வாங்குவது நல்லது. அதில் ‘துங்காகான்’ என்ற இடத்தில் தொகை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது பழைய பாக்கி. சாவி வாங்கும் முன்பே அதைத் தீர்க்கச் சொல்லலாம். சாவி வாங்கிய பிறகு கேட்பது கடினம்.

நம் நாட்டில் வீட்டு வாடகைக்கு வழக்கமாகக் கேட்கப்படும் முன்பணத்தில் அரை மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கான பிணைத்தொகையாகச் சேர்க்கப்படுகிறது. காலி செய்யும்போது இதைத் திரும்பப் பெறுவதில்தான் அதிகமான சண்டை. வாடகைக் குடியிருப்புக்கென ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அது வரும்வரை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே சட்டம். இறுதி பில் எந்தத் தேதிவரை, மீட்டரில் எந்த எண் வரை, பிணைத்தொகை எத்தனை நாளில் திரும்பும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வது வாடகைக்காரரின் உரிமை. எழுதித் தரத் தயங்கும் வீட்டுக்காரரின் வீட்டுக்குப் போவதா என்று யோசிப்பதும் நல்லது.

தண்ணீர், கழிவுநீர், கேஸ்

தண்ணீர்க் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயாவுக்கு ஆயர் சிலாங்கூர். பினாங்கு, ஜொகூர், பேராக், கெடா ஆகியவற்றுக்கு அந்தந்த நிறுவனங்கள். மின்கணக்கை மாற்றியதும் தண்ணீரும் தானாக மாறிவிடும் என்று நினைப்பது தவறு, இரண்டும் தனித்தனி. இண்டா வாட்டர் கழிவுநீர்க் கட்டணம் மூன்றாவது. அது மாதம் சில ரிங்கிட்தான் என்பதால் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் சேர்ந்து கிடக்கும் பாக்கி, வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் அலுவலகத்தில் வெளிவரும். பழைய வீட்டை வாங்குபவர்கள் மூன்று பில்களிலும் பாக்கி இல்லை என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

சமையல் கேஸ் பெரும்பாலான வீடுகளில் தோம்பில்தான் வருகிறது. உதவித்தொகை விலையில் கிலோ 1 ரிங்கிட் 90 சென். 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி தனி. தோம்பு நிறுவனத்துடையது, நாம் கொடுத்தது அதற்கான வைப்புப் பணம் மட்டுமே. தூரமாகக் குடிபோகிறவர்கள் பழைய கடைக்காரரிடமே தோம்பைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். அதற்கு முதலில் கொடுத்த ரசீது வேண்டும். கையோடு கொண்டுபோவதானால் வால்வை இறுக மூடி, தோம்பை நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. சில அடுக்குமாடிகளில் குழாய் வழியே கேஸ் வருகிறது. அங்கே மின்சாரம் போலவே தனிக் கணக்கு உண்டு என்பதால், அடுக்குமாடி நிர்வாக அலுவலகத்தில் முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

யார் என்ன செய்யலாம்?

இதைத் தனிமனிதர்களின் அக்கறையின்மை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. விண்ணப்பப் பாரங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. வேலை பெருமளவு செயலிக்குள் போய்விட்டது. தோட்டத்திலேயே காலம் கழித்த மூத்தவர்களுக்கு இரண்டுமே தூரம். அவர்கள் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ நம்பியிருக்கிறார்கள். யாரும் இல்லாதவர்கள் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கிறார்கள். கெடாய் தெனாகாவில் கட்டணம் இல்லாமல் முடியும் வேலைக்குத் தரகர் தேவையில்லை.

தோட்ட மக்களை மறுகுடியமர்த்தும் திட்டங்களில், சாவி கொடுக்கும் நாளிலேயே மின்சாரம், தண்ணீர் நிறுவனங்களின் முகப்பிடங்களை அங்கேயே அமைத்தால், ஒரே நாளில் எல்லாக் குடும்பங்களுக்கும் சொந்தப் பெயரில் கணக்கு திறந்துவிடலாம். தோட்ட நிர்வாகங்கள், வெளியேறும் தொழிலாளிக்கு இத்தனை ஆண்டுகள் இந்த வீட்டில் குடியிருந்தார் என்று ஒரு கடிதம் கொடுக்கலாம். பில் இல்லாதவர்களுக்கு அதுவே சான்று. சட்டமன்ற உறுப்பினர்களின் சேவை மையங்களும் இந்திய சமூகத் தலைவர்களும் ஆலயங்களும் உதவித் திட்டங்களுக்குப் பாரம் நிரப்பித் தரும்போது, பில்லில் யார் பெயர் என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். இதற்குப் புதிய ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

கட்டணத்திலோ மீட்டரிலோ தகராறு என்றால் முதலில் டிஎன்பியிடம் எழுத்து மூலம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால், இத்துறையைக் கண்காணிக்கும் எரிசக்தி ஆணையத்திடம் முறையிடலாம். தேசியப் பயனீட்டாளர் புகார் மையமும் உதவும். எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்கப்படுவது கணக்கு எண், தேதி, மீட்டர் எண், ரசீது ஆகியவைதான்.

குடிபெயரும் குடும்பம் செய்ய வேண்டியவை

வாரம் ஒன்று இருக்கும்போதே பழைய வீட்டுக் கணக்கை மூடவோ மாற்றவோ விண்ணப்பிக்க வேண்டும். புது வீட்டின் கடைசி மின்சார, தண்ணீர், கழிவுநீர் பில்களைக் கேட்டு வாங்கிப் பாக்கி உண்டா என்று பார்க்க வேண்டும்.

சாவி கைமாறும் நாளில் இரண்டு வீட்டிலும் மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களைப் படம் எடுத்து, அதே நாளில் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்க வேண்டும். மீட்டரின் முத்திரை உடைந்திருந்தாலோ சந்தேகப்படும்படி கம்பி இருந்தாலோ தொடாமல், படம் எடுத்து உடனே டிஎன்பிக்குத் தெரிவிக்க வேண்டும். குடியேறிய முதல் வாரத்தில் சொல்வது தற்காப்பு. ஓராண்டு கழித்துச் சொன்னால் நம்ப வைப்பது கடினம்.

முதல் மாதத்துக்குள் கணக்கைத் தம் பெயருக்கு மாற்றி, உதவித் திட்டங்களில் புதுக் கணக்கு எண்ணையும் முகவரியையும் புதுப்பிக்க வேண்டும். அடையாள அட்டையில் முகவரியையும் மாற்றிவிட வேண்டும். 2021 டிசம்பர் முதல் வாக்காளர் பதிவு தானியங்கியாக நடக்கிறது. அதற்கு அடிப்படை அந்த முகவரிதான். முதல் பில் வந்ததும் அதன் ஒரு நகலை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்துவிட்டால், அடுத்து பள்ளியிலோ வங்கியிலோ முகவரிச் சான்று கேட்கும்போது தேடி அலைய வேண்டியதில்லை.